கை நுழையாத கூரைக்குக் காப்பு

மேல்மலை ஊரான மன்னவனூரில் எங்கள் பழைய வீட்டோடு ஒட்டிப் போட்ட சமையலறைச் சாய்ப்புக்கு மேலே தகர ஷீட், கீழே பிளைவுட் சீலிங். இரண்டுக்கும் நடுவே, சுவர்ப் பக்கம் ஓர் ஆள் தவழலாம். தாழ்ந்த ஓரத்தில் நாலு விரல்கடைதான். மார்கழி, தை விடிகாலைகளில் மழையே இல்லாமல் அந்த ஓரம் சொட்டும். மேல்மலையில் பலரும் இதை ஒழுக்கு என்று நினைத்துத் தகரத்தின் மேல் தார் பூசுகிறார்கள். காசுதான் வீண். மேகமில்லாத இரவில் தகரம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். அடுப்பாவி சீலிங் இடுக்கு வழியே ஏறி அதன் அடியில் முத்து முத்தாகப் படிந்து, சரிவில் இறங்கி ஓரத்தில் சேரும்.

அதனால் முதலில் ஆவி ஏறும் வழியை அடைத்துவிடுங்கள். ஒயர் இறங்கும் ஓட்டைகள், சுவரும் சீலிங்கும் சேரும் இடுக்கு எல்லாவற்றுக்கும் சிலிக்கான். காப்புக்குப் போடும் ராக்வுல் பஞ்சுக்கு அடியில், சீலிங்கை ஒட்டி, கனமான பாலிதீன். அப்புறம்தான் பஞ்சு.

தாழ்ந்த ஓரத்துக்குள் கீழிருந்து குச்சியால் பஞ்சைத் தள்ளாதீர்கள். அமுங்கிய பஞ்சில் காற்று நிற்காது. குளிரைத் தடுப்பதே அந்தக் காற்றுதான். மாசி, பங்குனியில் வானம் வெளுத்திருக்கும் நாளாகப் பார்த்து, மேலே ஏறி ஓரத்து ஷீட்டையே கழற்றிவிடுங்கள். ஸ்க்ரூ வரிசையில் மட்டும் கால் வைக்க வேண்டும். அதற்குக் கீழேதான் கம்பி இருக்கிறது. "அண்ணே, பிரிச்சா மறுபடி ஒழுகும்" என்று தயங்கினார் எங்கள் ஷீட் வேலைக்காரர். பழைய ஓட்டையில் கொஞ்சம் பருமனான ஸ்க்ரூவும் புது ரப்பர் வாஷரும் போட்டோம், ஒழுகவில்லை.

50 மி.மீ. ராக்வுல் விரித்து, அதற்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டோம். மிச்ச ஈரம் அந்த வழியாகக் காற்றோடு போய்விடும். இரு முனையிலும் எலி புகாத கம்பிவலை அவசியம்.

1965 முதல் செம்மறி ஆராய்ச்சி மையம் இருக்கிற ஊரில் ஆட்டு ரோமத்தையே போடலாமே என்று கேட்பார்கள். நல்ல பொருள்தான், வெளிநாடுகளில் வீட்டுக் கூரைக்கே விற்கிறார்கள். ஆனால் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, பூச்சி அரிக்காமல் போராக்ஸ் ஏற்றிய ரோமம் வேண்டும். வெட்டிய ரோமத்தை அப்படியே திணித்தால் அந்துப்பூச்சி வரும்.

தெர்மோகோல் மட்டும் வேண்டாம். விறகடுப்புப் புகைக்குழாய் ஏறும் கூரைக்குள் எளிதில் தீப்பிடிக்கும் காப்புப் பொருளே கூடாது. குழாயைச் சுற்றி ராக்வுல்லையும் விலக்கியே வையுங்கள். பாலிதீன் அதன் பக்கமே போகக் கூடாது.