பிள்ளைகளிடம் காசு கேட்கும் முன்



பெரியம்மா எழுதுவது. நேற்று உன் அம்மா போனில் பேசினாள். ராத்திரி ஒரு மணி வரை லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாயாம், சாப்பாடும் சரியாக இல்லையாம். பாடத்துக்குப் படம் செய்யக் கண்விழிப்பதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதில் பாதி உழைப்பு தேவையில்லாதது. டீச்சரான முதல் வருஷத்திலேயே உடம்பைக் கெடுத்துக்கொண்டால் முப்பது வருஷம் எப்படி ஓட்டுவாய்?

இன்னொன்றும் சொன்னாள். மாதாமாதம் பணம் கட்டும் கம்பெனி ஆப்பை எடுப்பதா, இலவசமாகக் கிடைப்பதை வைத்தே நடத்துவதா என்று பள்ளியில் உன் கருத்தைக் கேட்டிருக்கிறார்களாம். வகுப்பில் நிற்பவள் நீ, முடிவும் உன்னுடையதுதான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், பிறகு யோசித்துக்கொள்.

2018 முதல் வந்த நம் பாடநூல்களில் கியூ.ஆர். குறியீடு இருக்கிறது. போனைக் காட்டினால் தீக்ஷா தளத்தில் அந்தப் பாடத்தின் காணொளி திறக்கும். 2023ல் பள்ளிக்கல்வித் துறை மணற்கேணி செயலியைக் கொண்டுவந்தது; தமிழிலும் ஆங்கிலத்திலும் சின்னச் சின்னக் காணொளிகள் உண்டு. இரண்டுக்கும் காசு கிடையாது. ஏற்கெனவே நன்றாகச் செய்து வைத்திருக்கிற படத்தை நீ எதற்கு நடுராத்திரியில் மறுபடி செய்கிறாய்?

அறிவியலுக்கு ஃபெட் தளத்தைப் பார். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. திரையில் செய்து பார்க்கும் சோதனைகள் பல தமிழிலும் இருக்கின்றன. ஒரு தடவை இறக்கி வைத்தால் நெட் இல்லாமலும் ஓடும். நீரின் அழுத்தத்துக்கு அதில் ஒன்று உண்டு. அழுத்தமானியைத் தண்ணீருக்குள் இறக்க இறக்க அளவு ஏறும். ஆனால் அதை எடுத்தவுடனே போட்டுக் காட்டாதே. சங்கு குளிக்கப் போகிறவர் வீட்டுப் பிள்ளையை எழுப்பி, “அப்பாவுக்கு எத்தனை பாக ஆழத்தில் காது அடைக்கும்?” என்று கேள். பத்து மீட்டர் இறங்கினால் இன்னொரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது என்பதை அதற்குப் பிறகு சொல். 1961ல் கடைசி முத்துக்குளிப்பில் இறங்கிய தாத்தாவின் காது என்ன ஆயிற்று என்று உனக்கே தெரியும். அந்தக் கதை எந்தக் காணொளியிலும் வராது.

உப்பளத்துப் பிள்ளைகளையும் அப்படியே கேள். கடல் தண்ணீரின் அடர்த்தி மூன்று, மூன்றரை டிகிரி. 25 டிகிரி ஏறினால்தான் பாத்தியில் உப்பு விழும். இது அவர்கள் வீட்டுப் பேச்சு. அவர்களைச் சொல்லவிட்டு, பிறகு ஆவியாதலைக் கூட்டினால் கரைசலின் செறிவு ஏறுவதை ஃபெட்டில் காட்டு. கணக்குக்கு ஜியோஜீப்ரா. கரையில் தெரியும் கோபுரத்தையும் அதன் பின்னால் உள்ள மரத்தையும் ஒரே நேரில் பிடித்து, வேறு இரண்டு அடையாளங்களை இன்னொரு நேரில் பிடித்து, கடலுக்கடியில் பார் என்கிற பாறைத்திட்டு இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தவர்கள் நம் ஆட்கள். இரண்டு நேர்கோடுகள் வெட்டும் புள்ளி என்பது அதுதானே? அதையே ஜியோஜீப்ராவில் வரையச் சொல். புவியியலுக்கு கூகுள் எர்த்தில் பழைய படங்களைத் திருப்பி, நம் கடலில் உள்ள வான் தீவு தேய்ந்துகொண்டே வந்ததைக் காட்டு. விளாங்குசல்லித் தீவு மூழ்கியே போயிற்று. ஹைதராபாத் இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் அலை உயரக் கணிப்பைக் காலையில் கரும்பலகையில் எழுதிப் போட்டு, மறுநாள் சரியாக இருந்ததா என்று வீட்டில் கேட்டுவரச் சொல்.

எப்போதும் கேள்வி முதலில் வரட்டும், திரை பிறகு வரட்டும். இதை மட்டும் மாற்றாதே.

இனி அந்தக் கம்பெனி விஷயம். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் வருஷாவருஷம் கம்ப்யூட்டர் ஃபீஸ் வாங்கினார்கள். அளத்துக்குப் போகிற தாய்மார் முந்தானையில் முடிந்து கொண்டுவந்த காசு. கம்ப்யூட்டர்களோ துணி போர்த்திப் பூட்டிய அறையில் இருந்தன, இன்ஸ்பெக்‌ஷன் அன்றுதான் திறப்பார்கள். கட்டாத பிள்ளைகளை வராந்தாவில் நிறுத்தினார்கள். அப்படி நின்ற ஒருத்தி பிறகு பள்ளிக்கே வரவில்லை, அம்மாவோடு அளத்துக்குப் போய்விட்டாள். அவள் யாரென்று உன் அம்மாவுக்குத் தெரியும். இத்தனை வருஷம் ஆகியும் என் மனசு ஆறவில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. பள்ளி திறக்கும்போது அந்த வீடுகளில் கையில் ஒன்றும் இருக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, அளத்தில் வேலை இல்லை. மாதக் கட்டணத்தை எந்த மாதத்தில் கேட்பாய்? வீட்டில் இருக்கிற ஒரே போனும் விடியுமுன் அப்பாவோடு கடலுக்கோ அம்மாவோடு அளத்துக்கோ போய்விடும். அதனால் போனில் வீட்டுப்பாடம் கொடுக்காதே, வகுப்பிலேயே முடித்துவிடு. இலவசத் தளமென்றாலும் பிள்ளைகளின் பெயர், போட்டோ, பெற்றோர் நம்பர் எதையும் அதில் ஏற்றாதே.

கம்பெனிக்காரர்கள் பளபளப்பாகத்தான் செய்து காட்டுவார்கள். எடுப்பதென்றால் எடு, நான் தடுக்கவில்லை. ஆனால் பணம் கட்டமுடியாத பிள்ளையை என்ன செய்வீர்கள் என்று கேட்டு, பதிலை முதலில் எழுத்தில் வாங்கு. அது வராமல் கையெழுத்துப் போடாதே.

ரொம்பக் கண்டித்துவிட்டேனோ என்னவோ. கோபப்படாதே என் ராசாத்தி. நம் குடும்பத்தில் உன்னைப் போலப் பிள்ளைகளிடம் பொறுமையாகப் பேசத் தெரிந்தவர் யாரும் இல்லை, நான் உட்பட. நீ டீச்சரானதைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஞாயிற்றுக்கிழமை வா, சீலா மீன் குழம்பு வைக்கிறேன். வரும்போது லேப்டாப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வா. இன்றைக்குப் பத்து மணிக்குப் படுத்துவிடு. நாளை நீ நல்ல தெம்போடு நிற்பதுதான் அந்தப் பிள்ளைகளுக்கு எந்த ஆப்பையும் விடப் பெரிது.

அன்புடன்,
பெரியம்மா