உயிர் நீங்கியும் பயன் நீங்கா நுண்ணுயிர்

சென்ற ஆண்டு எம் விடுதி உணவுக்கூடத்தில் ஒரு வாதம் எழுந்தது. தயிரிலுள்ள நுண்ணுயிர் குடலுக்கு நன்மை செய்யும் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. அத்தயிரை மோர்க்குழம்பாக்கிக் கொதிக்கவைத்தபின் அந்நன்மை எஞ்சுமோ என்பதே வினா. விஞ்ஞானம் பயிலும் நண்பர் ஒருவர், "உயிர் போயிற்று; பயனும் போயிற்று" எனக் கூறி முடித்துவிட்டார். தமிழ் பயிலும் எமக்கு அவ்விடையில் மனம் அமையவில்லை. நூல்நிலையத்திற் சின்னாள் அமர்ந்து அறிந்தவற்றை ஈண்டுக் கூறுவாம்.

நண்பர் கூற்றுப் பழமையுடையதே. பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த மெச்னிக்காஃப் என்னும் ருஷ்ய அறிஞர், புளித்த பாலிலுள்ள நுண்ணுயிர் குடலில் அழுகலை விளைக்கும் கிருமிகளை அடக்கி மூப்பைத் தள்ளிவைக்கும் என்று 1907-ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் எழுதினார். தாமும் நாடோறும் அதனைப் பருகினார். எனினும் 1916-இல், எழுபத்தொன்றாம் அகவையில், எல்லாரையும் போலவே இறந்தார். 2001-இல் உலக உணவு வேளாண்மை நிறுவனமும் உலக நலவாழ்வு நிறுவனமும் கூட்டிய வல்லுநர் குழு புரோபயாடிக் என்பதற்கு இலக்கணம் வகுத்தபோதும், தக்க அளவில் உட்கொள்ளின் நலம் பயக்கும் உயிருள்ள நுண்ணுயிர் என்றே வரையறுத்தது.

இவ்விலக்கணத்திற்குப் புறனடை வேண்டுமாறு செய்தது ஆக்கர்மான்சியா மியூசினிஃபிலா என்னும் நுண்ணுயிர். ஆக்கர்மன்ஸ் என்னும் டச்சு அறிஞர் பெயரும், கோழையை விரும்புவது என்னும் பொருளும் இயைந்து அமைந்த பெயர் அது. குடலின் உட்சுவரைப் போர்த்திருக்கும் கோழைப்படலமே அதற்கு உறையுளும் உணவுமாம். இதனை வளர்த்து, கொழுப்பு மிக்க உணவு தின்னும் எலிகளுக்குப் பெல்ஜிய நாட்டு லூவேன் பல்கலைக்கழகத்தார் ஊட்டினர். 2013-இல் அவர் வெளியிட்ட முடிபு நண்பர்க்கே அரண்செய்தது. உயிருள்ளதனை உண்ட எலிகளின் உடற்கொழுப்புக் குறைந்தது. நீராவியின் அழுத்தத்தில் 121 டிகிரி வெப்பமூட்டிக் கொன்றதனை உண்டவற்றிற்கு அப்பயன் இல்லை.

ஆயின், கொல்லுதலும் ஒருபடித்தன்று. அவர்களே அதனை 70 டிகிரி வெப்பத்தில் அரைமணி நேரம் மட்டும் வைத்து ஊட்டிப் பார்த்து 2017-இல் எழுதினர். அவ்வளவிலும் அது பெருகும் ஆற்றலை இழந்து இறந்துபடும். எனினும் பயன் குன்றவில்லை. உயிருள்ளதனினும் மிகுந்தே நின்றது! என்னை காரணம்? அதன் புறத்தோலில் ஒருவகைப் புரதம் உண்டு. குடற்சுவரின் உயிரணுக்கள் அதனை அறிந்துகொள்கின்றன, குடலரண் உறுதிபெறுகின்றது. அப்புரதம் 70 டிகிரியில் அழிவதில்லை. அரசன் மாய்ந்த பின்னும் அவன் முத்திரை பொறித்த ஓலை செல்லுமாறு போல்வது இது. கடுவெப்பமோ புரதத்தின் உருவைக் குலைத்துவிடும். ஓலையும் உடன் எரிந்ததாகக் கொள்க.

எலிகளோடு இது நிற்கவில்லை. உடல் பருத்து, இன்சுலின் செவ்வனே தொழிற்படாத 32 பேர் மூன்று திங்கள் முடிய உட்கொண்ட ஆய்வு 2019-இல் வெளிவந்தது. நாளொன்றுக்கு ஆயிரங்கோடி நுண்ணுயிர். ஒரு சாரார்க்கு உயிருள்ளவை, ஒரு சாரார்க்கு 70 டிகிரியில் இறந்தவை, எஞ்சியோர்க்கு வெறும் போலி மருந்து. போலி மருந்து உண்டாரோடு ஒப்பிட, இறந்தவற்றை உண்டாரிடத்து இன்சுலினின் செயல் திருந்திற்று. இரத்தக் கொலஸ்டிராலும் குறைந்தது. உடலெடை சிறிதே குறைந்ததாயினும், அது முடிபாகக் கொள்ளத்தக்க அளவினதன்று. முப்பத்திருவர் என்பது சிறு தொகையே என்பதனையும் மறத்தலாகாது.

இனி, உயிரின்றி நடவாத தொழிலும் உண்டு. பாற்சர்க்கரை செரியாதார்க்குத் தயிர் உதவுதல், அந்நுண்ணுயிர் தம்முட் கொண்ட லாக்டேஸ் என்னும் பொருள் குடலில் அச்சர்க்கரையைப் பிளத்தலான் ஆம். தயிரைச் சூடேற்றின் அப்பொருள் கெடும்.

குழவிகள் திறத்தில் இவ்வேறுபாடு உயிரைத் தொடுகின்றது. ஒடிசா மாநிலத்து நாட்டுப்புறங்களிற் பிறந்த 4,556 குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2017-இல் வெளிவந்தது. உயிருள்ள லாக்டோபாசில்லஸ் ஊட்டப்பெற்றாருள், குருதி நச்சுறுதலும் இறப்பும் நூற்றுக்கு 9 என்பதிலிருந்து 5.4 ஆகக் குறைந்தன. அவர்கள் மாதம் நிறைந்தோ நிறைதற்கு அணித்தாகவோ பிறந்தவர். மாதம் நிரம்பாக் குழவிகளிடத்தோ அவ்வுயிரே பகையாதலும் உண்டு. அமெரிக்க நாட்டில் அத்தகைய குழவியொன்று, ஊட்டிய நுண்ணுயிர் குருதியிற் புகுந்தமையால் இறந்ததனை எடுத்துக்காட்டி, அந்நாட்டு உணவு மருந்து ஆட்சித்துறை 2023-இல் மருத்துவர்களை எச்சரித்தது. இறந்த நுண்ணுயிர் குருதியிற் புகினும் பெருகாது. அதுகொண்டு அது முற்றும் தீதற்றது என்றலும் அமையாது. பின்லாந்தில் ஒவ்வாமைத் தோல்நோயுற்ற குழவிகட்கு வெப்பத்தால் உயிர்நீத்த லாக்டோபாசில்லஸ் ஊட்டிய ஆய்வு, வயிற்றுப்போக்கு மிகுந்தமையின் இடையில் நிறுத்தப்பட்டது. இச்செய்தி 2003-இல் வெளிவந்தது.

உயிரற்றனவற்றைப் புரோபயாடிக் என்றல் பழைய இலக்கணத்தோடு முரணுமாதலின், 2021-இல் வல்லுநர் போஸ்ட்பயாடிக் என்னும் வேறு பெயர்க்கு இலக்கணம் வகுத்தனர். 1907-இல் தோன்றிய கருத்துக்கு ஒரு நூற்றாண்டு கழித்தே புறனடை நூற்பா எழுதப்பட்டதென எம்மனோர் சொல்லலாம். மறு ஆண்டே ஐரோப்பிய ஒன்றியம் ஆக்கர்மான்சியாவை, உயிர் நீங்கிய வடிவில், உணவாக விற்க இசைவளித்தது.

மோர்க்குழம்புக்கு வருவோம். தயிரில் ஆக்கர்மான்சியா இல்லை. ஒன்றற்குக் கண்ட முடிபைப் பிறிதொன்றற்கு ஏற்றியுரைத்தல் வழுவாம். கொதிக்கும் சட்டியோ 70-க்கும் 121-க்கும் இடையே நிற்கின்றது. பாற்சர்க்கரை செரியாதார் திறத்தில் நண்பர் சொல்லே வென்றது. "பயனும் போயிற்று" என்ற பொதுச்சொல் வெல்லவில்லை. இவ்வளவும் அவரிடம் எடுத்துரைத்தோம். அவர் மறுமொழி கூறாது, இன்னும் ஒரு கரண்டி குழம்பு கேட்டார்.