விண்டோஸ் விளையாட்டும் லினக்ஸ் கணினியும்

"லினக்ஸா? அதில் கேம் விளையாட முடியாதே!" என்று தயங்கும் நண்பர்கள் நம்மிடையே பலர். லினக்ஸ் பயனரும் விளையாட்டுப் பிரியருமாகிய நான், இக்கேள்விக்கு உள்ளே நடப்பதைக் கொண்டே விடை கூற விரும்புகிறேன்.

விண்டோஸுக்கென எழுதப்பட்ட விளையாட்டு லினக்ஸில் நேரடியாக ஓடாததற்குச் செயலி காரணமன்று. இரண்டும் ஒரே இன்டெல் அல்லது ஏஎம்டி செயலியில்தான் இயங்குகின்றன. கோப்பைத் திற, ஒலியை எழுப்பு என்று இயங்குதளத்திடம் கேட்கும் முறைதான் வேறு. அந்தக் கேள்விகளை விண்டோஸின் இடத்தில் அமர்ந்து வாங்கி, லினக்ஸிடமிருந்து பதில் பெற்றுத் தரும் மென்பொருளே வைன். 1993இல் தொடங்கிய திட்டம் இது. 'வைன் ஓர் எமுலேட்டர் அன்று' என்பதே பெயரின் விரிவு. எமுலேட்டர் வேறோர் இயந்திரத்தையே பாவனை செய்வதால் வேகம் குறையும். வைனுக்கு அந்தச் சுமை இல்லை.

ஒரு சிறு எடுத்துக்காட்டு. கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை விண்டோஸ் பொருட்படுத்தாது, லினக்ஸ் பொருட்படுத்தும். (தமிழில் பெயரிடுவோருக்கு இத்தொல்லை இல்லை!) ஆகவே விளையாட்டு கேட்கும் பெயர் அப்படியே கிடைக்காவிட்டால், வைன் அந்தக் கோப்புறை முழுவதையும் பார்த்துப் பொருந்தும் பெயரைத் தேடித் தருகிறது.

இதைவிடக் கடினமான வேலையும் உண்டு. விண்டோஸின் மூல நிரலைப் பார்த்தவர்கள் வைனுக்கு எழுதக்கூடாது என்பது அத்திட்டத்தின் விதி. வெளியிலிருந்து சோதித்துச் சோதித்தே நடத்தையைக் கண்டறிய வேண்டும். இலக்கண நூலைத் தொடாமல், பேசுவோரின் வழக்கைக் கேட்டே இலக்கணம் எழுதுவதற்கு இது ஒப்பாகும். பேசுவோரின் பிழைகளையும் சேர்த்தே எழுத வேண்டும். சில விளையாட்டுகள் அப்பிழைகளை நம்பியே ஓடுகின்றன! முதல் நிலையான பதிப்பு 2008 ஜூனில்தான் வந்தது என்பதில் எனக்கு வியப்பில்லை.

2018 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் வைனை அடிப்படையாகக் கொண்ட புரோட்டானை வெளியிட்டது. டைரக்ட்3டி வரைகலைக் கட்டளைகளை வல்கன் கட்டளைகளாக மாற்றும் டிஎக்ஸ்விகே அதனுடன் இணைந்தது. தொடக்கத்தில் 27 விளையாட்டுகளுக்கே அதிகாரபூர்வ ஆதரவு. 2022இல் விற்பனைக்கு வந்த ஸ்டீம் டெக் கருவியோ விண்டோஸ் விளையாட்டுகளுக்கு இதை நம்பியே வந்தது.

பழையவற்றுக்கும் இதனால் வாழ்வு உண்டு. விண்டோஸ் 3.1 காலத்து 16-பிட் நிரல்களை 64-பிட் விண்டோஸ் ஏற்பதில்லை. அவற்றுள் பல வைனில் இன்றும் இயங்குகின்றன. சொந்த வீட்டில் இடமில்லாதவை அயல்வீட்டில் வாழ்கின்றன எனலாம்.

எல்லாம் ஓடுமா எனில், இல்லை. இணையவழிப் போட்டிகளில் ஏமாற்றுவோரைப் பிடிக்கும் காவல் மென்பொருள்களுள் சில விண்டோஸின் கருவரை இறங்கிச் செயல்படுபவை. அந்த ஆழத்தை வைன் தர இயலாது. வேறு சில லினக்ஸுக்கு இசைபவை; ஆயினும் அனுமதிப்பது விளையாட்டு நிறுவனத்தின் கையில் உள்ளது. அப்பெக்ஸ் லெஜண்ட்ஸ் லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்த விளையாட்டுதான். ஏமாற்றுவோர் பெருகியதைக் காரணங்காட்டி, 2024 அக்டோபரில் அதன் நிறுவனம் லினக்ஸ் பயனர்களுக்குக் கதவை அடைத்தது. நிரல் மாறாமலே உரிமை மாறிவிடும் இந்நிலை எனக்கு உடன்பாடன்று. எனவே இணையவழி விளையாட்டுக்குக் காசு கொடுக்குமுன், பயனர்களே அனுபவங்களைப் பதியும் புரோட்டான்டிபி தளத்தில் அதன் பெயரைத் தேடிப் பாருங்கள்; பதிவின் தேதியையும் கவனியுங்கள்.