கழகப் பற்றும் கசப்பும்

புகழ்பெற்ற காற்பந்து வீரர் ஒருவர் தம் கழகத்தை விட்டு நீங்கினால், அவரைத் துரோகி என்பது முறையா?

மும்பை சிட்டி கழகத்தில் 2021 முதல் நடுக்கள வீரராக விளங்கியவர் மிசோரம் தந்த அபூயா. 2024 மே 4-ஆம் நாள் கொல்கத்தாவில் மோகன் பகானை 3-1 என வென்று ஐ.எஸ்.எல். கோப்பையைக் கைப்பற்றிய அணியில் அவரும் ஒருவர். அவ்வாண்டே அதே மோகன் பகானில் சேர்ந்தார்! அந்தேரி அரங்கில் அவர் பெயரை முழங்கியோர் மனம் கசந்தது இயல்பே. அன்பு ஆழமாயின் வருத்தமும் ஆழமாகும்.

ஆயினும், பற்று ஒருவர்க்கு மட்டும் உரிய கடமையோ? 2005-06-இல் தேசிய லீக் பட்டம் வென்ற, இதே மும்பையின் மகிந்திரா யுனைடெட், 2010-இல் உரிமையாளரின் முடிவால் கலைக்கப்பட்டது. அங்கே வீரர் கழகத்தைப் பிரியவில்லை. கழகமே வீரரைப் பிரிந்தது. ஆட்டக்காரரின் கால்களுக்கு வலிமை பத்துப் பதினைந்து ஆண்டுகளே. அதற்குள் அவர் வாழ்நாளுக்கு வேண்டியதை ஈட்ட வேண்டும்.

தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் குடியேறிய நம் முன்னோர், பிழைப்பு நாடி ஊரைத் துறந்தவரே. அவர்களை ஊர்ப்பற்று இல்லாதவர் என நாம் இகழ்வதுண்டோ? அபூயாவுக்கும் அதே அளவுகோல்தான் பொருந்தும் என்பது என் துணிபு. எதிரணியில் அவரைக் காணும்போது வருந்துவோம்; வசைபாட வேண்டா.