ஒரு டன் கரியமில வாயு, மூன்று சதுர மீட்டர் பனி

தில்லியில் ஜூன் மாதம் வந்துவிட்டால் ஃபிரிட்ஜைத் திறப்பதும் மூடுவதுமாகவே குழந்தைகளுக்குப் பொழுது போகிறது. அந்தப் பனிக்கட்டியிலேயே இம்மாதப் பாடத்தைத் தொடங்குவோம். ஒரு கண்ணாடித் தம்ளரில் இரண்டு கட்டிகளைப் போட்டு, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, "இது உருகினால் தண்ணீர் வழியுமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் "வழியும்" என்றுதான் பதில் வரும். வழியாது. மிதக்கும் கட்டி தன் எடைக்குச் சமமான நீரை முன்பே விலக்கி வைத்திருக்கிறது. உருகியதும் அதே இடத்தை நிரப்பிக்கொள்கிறது.

வட துருவத்தில் ஆர்க்டிக் பெருங்கடலின் மேல் மிதக்கும் பனியும் இப்படித்தான். அது உருகுவதால் கடல் மட்டம் உயர்வதில்லை என்றே சொல்லலாம். (உயர்த்துவது கிரீன்லாந்து, அண்டார்டிகா போன்ற இடங்களில் நிலத்தின் மேல் கிடக்கும் பனி.) அப்படியானால் அது போனால் நமக்கென்ன?

விஷயம் நிறத்தில் இருக்கிறது. புதுப்பனி படிந்த பரப்பு, தன் மேல் விழும் வெயிலில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். கருநீலக் கடலோ 6, 7 பங்கைத்தான் திருப்பும். மீதியை விழுங்கிச் சூடாகும். 1979 முதல் ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாக வெப்பமடைந்து வந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அங்கே பனி மிகவும் குறைந்திருக்கும் மாதம் செப்டம்பர். 1980களில் அம்மாதத்தில் சுமார் 70 லட்சம் சதுர கிலோமீட்டர் பனி மிஞ்சியிருந்தது. 2012இல் அது 34 லட்சமாகச் சுருங்கியது. பின்வந்த ஆண்டுகளில் சற்றுக் கூடியும் இருந்தது. காற்றும் நீரோட்டமும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் இந்த ஏற்ற இறக்கம் இருக்கத்தான் செய்யும். ஓர் ஆண்டின் எண்ணை வைத்து முடிவுக்கு வரக்கூடாது.

பல பத்தாண்டுகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தவர்கள் டிர்க் நோட்ஸ், ஜூலியன் ஸ்ட்ரோவ் என்ற இரு விஞ்ஞானிகள். 2016இல் அவர்கள் வெளியிட்ட முடிவு வியப்பாக இருக்கிறது: மனிதர் வெளியிடும் ஒவ்வொரு டன் கரியமில வாயுவுக்கும் சுமார் 3 சதுர மீட்டர் செப்டம்பர் பனி குறைகிறது. நேர்கோட்டுக் கணக்கு. நம் நாட்டு மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருவதால், ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ வாயு வெளியாகிறது. பெருக்கிப் பார்த்தால் யூனிட்டுக்கு 21 சதுர சென்டிமீட்டர் பனி, கிட்டத்தட்ட ஒரு தீப்பெட்டியின் மேற்புறம். மாதம் 300 யூனிட் செலவாகும் வீட்டுக்கு அரை சதுர மீட்டருக்குச் சற்று மேல். சராசரி இந்தியரின் பங்கு ஆண்டுக்குச் சுமார் 2 டன், அதாவது 6 சதுர மீட்டர். அமெரிக்கருக்கு 14 டன், 42 சதுர மீட்டர். யார் முதலில் குறைக்க வேண்டும் என்ற வழக்கு இன்னும் தீராததற்குக் காரணம் இந்த இரண்டு எண்களிலேயே தெரிகிறது.

இனி எல்லாம் கைமீறிப் போய்விட்டது, குறைத்து என்ன பயன் என்று சிலர் கேட்கிறார்கள். கடல்பனியைப் பொறுத்தவரை அது சரியல்ல. 2011இல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் கணிப்பொறி மாதிரியில் ஆர்க்டிக் கோடைப் பனி முழுவதையும் ஒரேயடியாக நீக்கிப் பார்த்தார்கள். இரண்டே ஆண்டுகளில், அப்போதைய வெப்பநிலைக்கு எவ்வளவு பனி இருக்க வேண்டுமோ அவ்வளவும் திரும்பி வந்துவிட்டது! வெயிலே இல்லாத துருவக் குளிர்காலத்தில், போர்வையில்லாத கடல் தன் வெப்பத்தை விரைவில் இழக்கிறது; மெல்லிய பனி வேகமாகத் தடிக்கிறது. ஆகவே வெப்பம் ஏறுவது நின்றால் பனிக்குறைவும் நிற்கும். 2018இல் ஐ.நா.வின் காலநிலைக் குழு சொன்னது: புவி 1.5 டிகிரி சூடானால் பனியற்ற ஆர்க்டிக் கோடை நூறாண்டுக்கு ஒருமுறை வரும். 2 டிகிரியானால் பத்தாண்டுக்கு ஒருமுறையாவது வரும். அரை டிகிரி செய்யும் வேலை இது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. கரியமில வாயு காற்றில் நூற்றாண்டுக் கணக்கில் தங்குவது. குழாயைச் சற்று மூடினால் குடம் மெதுவாக நிறையுமே தவிர, நிறைவது நிற்காது. முழுவதும் மூடினால்தான் நிற்கும்.

இமயத்தின் பனியாறுகள் வேறு ஜாதி. அவை பல நூறாண்டுப் பனியின் சேமிப்பு. சூட்டுக்கு மெல்லத்தான் அசைந்து கொடுக்கும், அசைந்தால் எளிதில் நிற்காது. வெப்ப உயர்வு 1.5 டிகிரியோடு நின்றாலும் இந்நூற்றாண்டு முடிவுக்குள் இந்துகுஷ்–இமயப் பனியாறுகளில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்று காத்மாண்டுவிலுள்ள பன்னாட்டு மலை ஆய்வு மையம் 2019இல் கணித்தது. வெளியீடு இப்படியே தொடர்ந்தால் மூன்றில் இரண்டு பங்கு. தில்லியில் நாம் குடிக்கும் யமுனை, கங்கை நீர் அந்த மலைகளிலிருந்துதான் இறங்குகிறது.

அங்கே இன்னொரு எதிரியும் உண்டு: கரித்துகள். டீசல் வண்டி, செங்கல் சூளை, விறகடுப்பு ஆகியவற்றின் புகை காற்றோடு மலையேறி வெண்பனியின் மேல் படிகிறது. அழுக்கான பனி வெயிலை விழுங்கிச் சீக்கிரம் உருகுகிறது. ஆனால் கரியமில வாயுவைப்போல் இது காற்றில் தங்குவதில்லை; சில நாட்களிலிருந்து ஓரிரு வாரங்களுக்குள் மழையோடும் பனியோடும் இறங்கிவிடும். இந்தப் புகையை நிறுத்தினால், அடுத்த குளிர்காலத்தில் விழும் பனியே முன்னைவிட வெளுப்பாகக் கிடக்கும்.