அளவு பார்த்துக் கொடு!

மயிலாப்பூரில் ஒரு வங்கி. அங்குள்ள பேரேட்டில் பலருடைய கணக்குகள் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்டுள்ளன. உங்கள் கணக்கு 10 வரிகள்தான். நீங்களோ 20 வரிகளுக்கு நகல் கேட்கிறீர்கள். எழுத்தர் யோசிக்காமல் 20 வரிகளையும் எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? கடைசி 10 வரிகள் அடுத்தவருடைய கணக்கல்லவா!

கணிப்பொறியிலும் இத்தகைய எழுத்தர் ஒருவர் உண்டு. இயக்க அமைப்பின் மையப் பகுதியாகிய 'கர்னல்'தான் அவர். கர்னலின் நினைவகத்தில் கடவுச்சொற்கள் போன்ற இரகசியங்கள் இருக்கக்கூடும். சாதாரண நிரல்கள் அங்கே நேராக நுழைய முடியாது, நுண்செயலி தடுத்துவிடும். ஆகவே நிரல் தனக்கு வேண்டியதைக் கர்னலிடம் கேட்கிறது. 'இந்த இடத்தில் எழுது, இங்கே இத்தனை பைட் கொள்ளும்' என்று இரு விவரங்களையும் சொல்கிறது. அந்த இடத்திற்குப் 'பஃபர்' என்று பெயர்.

எத்தனை பைட் கொடுப்பது?

கர்னலிடம் உள்ள செய்தி 40 பைட் என்று கொள்வோம். பஃபரின் நீளம் 32 எனில், 32 பைட் மட்டுமே எழுத வேண்டும். மீறினால் மிகுந்த 8 பைட், நிரலின் வேறு விவரங்கள் மீது விழுந்து அவற்றை அழித்துவிடும். நிரல் 100 பைட் கேட்டாலோ, 40 மட்டுமே தர வேண்டும். மீறினால் அடுத்துள்ள 60 பைட் வெளியே போய்விடும். ஆக, விதி இதுதான்: இரு நீளங்களில் எது சிறியதோ, அதுவே நகலின் நீளம்.

குறை எண் செய்யும் குறும்பு

நீளம் -1 என்று வந்தால்? -1 என்பது 40-ஐவிடச் சிறியது. எனவே விதிப்படி அதுவே தேர்ந்தெடுக்கப்படும். 32 பிட்டுகளில் -1-ஐ எழுதினால், 32 இடங்களிலும் 1 வரும். நகலெடுக்கும் பகுதி குறியைப் பார்ப்பதில்லை. அதை 429,49,67,295 என்று படிக்கும்!

இது வெறும் கற்பனையன்று. ஃப்ரீபிஎஸ்டி என்ற இயக்க அமைப்பில் இத்தகைய பிழை இருந்தது 2002 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. வலைத்தொடர்பின் முகவரியைக் கேட்கும்போது நீளத்தைக் குறை எண்ணாகக் கொடுத்தால், கர்னல் தன் நினைவகத்தின் பெரும் பகுதியையே கொடுத்துவிடும். ஆகவே, ஒப்பிடுமுன் குறை எண்ணா என்று பார்க்க வேண்டும். அல்லது தொடக்கம் முதலே நீளத்தைக் குறியில்லா எண்ணாகக் கொள்ள வேண்டும்.

இரண்டாம் காவல்

நிரல் எழுதுவோர் ஆயிரம் இடங்களில் சோதித்து, ஓரிடத்தில் மறந்தாலும் போதும், கதவு திறந்துவிடும். அதனால்தான் 2016-இல் வெளிவந்த லினக்ஸ் 4.8 கர்னலில், நகலெடுக்கும் பகுதியே அந்தப் பொருளின் எல்லையைச் சரிபார்க்கும் வசதி சேர்க்கப்பட்டது.

வன்பொருளிலேயே காவல் வைத்தால்? அடையாறை ஒட்டியுள்ள சென்னை ஐ.ஐ.டி.யில் 'சக்தி' என்னும் நுண்செயலி உருவாயிற்று. 2018-இல் அதில் லினக்ஸ் இயங்கியது. 2019-இல் அங்குள்ள ஆய்வாளர்கள் 'சக்தி-எம்எஸ்' என்ற வடிவமைப்பை வெளியிட்டனர். இதில் ஒவ்வொரு நினைவக முகவரியுடனும் அதற்குரிய இடத்தின் தொடக்கமும் முடிவும் சேர்ந்தே செல்கின்றன. எல்லை மீறப்பட்டால் நுண்செயலியே கண்டுபிடித்துவிடும்.

செய்து பாருங்கள்: 8 பிட்டுகளில் எழுதிய -16, குறியில்லா எண்ணாகப் படித்தால் எவ்வளவு? (விடை: 240)