மின்னுருகி

பழைய வீடுகளில் ப்யூஸ் போய்விட்டால், கைக்கெட்டிய தடித்த செம்புக் கம்பியை முறுக்கி வைத்தல் நம்மவர் பலர்க்கும் வழக்கம். தமிழில் அதற்கு மின்னுருகி என்று பெயர். உருகுதலே அதன் தொழில். அஃது உருகாதாயின் சுவரினுள் ஓடும் கம்பி காய்ந்து, அதன் உறை தீப்பற்றும்.

உரிய கம்பியும் வீட்டைக் காக்குமேயன்றி ஆளைக் காவாது. 5 ஆம்பியர் என்பது 5,000 மில்லி ஆம்பியர்; மனித உயிரைப் போக்கவோ அதில் நூற்றிலொரு பங்கே அமையும். ஆதலின் 30 மில்லி ஆம்பியர் கசிந்தவுடனே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் விசையைப் பொருத்துவித்தல் இன்றியமையாதது. மூன்று முனைச் செருகியில் நீண்டு தடித்தது நிலத்தொடர்புக்குரியது. இஸ்திரிப் பெட்டியில் அதனை ஒடித்தெறிவாரை என்னென்பது!

ப்யூஸ் மாற்றுமுன் மெயின் சுவிட்சை நிறுத்துக. புதுக்கம்பியும் உடனே உருகுமாயின், மற்றொன்று இடாது மின்பணியாளரை அழைக்க.